முதலில் வட்டமா, முதலில் புள்ளியா?

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். வீட்டில் செஸ் போர்டு இருந்தால் எடுத்துத் தரையில் வையுங்கள். சமையலறைக்குப் போய், யாருக்கும் சந்தேகம் வராத மாதிரி 64 அரிசி எண்ணி எடுத்து வாருங்கள். கட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு. எந்தக் கட்டத்துக்கும் சலுகை காட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு, போர்டு முழுக்கப் பரவலாக விழுகிற மாதிரி போடுங்கள்.

கண்ணைத் திறந்தால் கட்டத்துக்கு ஒன்றாகச் சமர்த்தாக உட்கார்ந்திருக்குமா? இருக்காது. ஏறக்குறைய 23 கட்டங்கள் காலியாகக் கிடக்கும். ஐந்து கட்டங்களிலாவது மூன்றும் நாலுமாகக் குவிந்திருக்கும். ஏதோ ஒரு மூலையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சேர்ந்து ஒரு சின்ன மாநாடே நடத்திக்கொண்டிருக்கும். நம் கண் நேராக அங்கேதான் போகும். 'ஏன் இங்கே மட்டும்?' என்று கேட்கும். போர்டு சரிவா? ஃபேன் காற்றா? ஒன்றும் கிடையாது சார். தற்செயல் என்பதன் லட்சணமே அதுதான். சமமாகப் பங்கு போட அதற்குத் தெரியாது. அது ரேஷன் கடை வேலை.

இப்போது அந்த போர்டு ஒரு மாவட்டத்தின் வரைபடம். ஒவ்வோர் அரிசியும் ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு சட்டென்று நின்றுவிடுகிறது, இல்லையா? நாலு அரிசி விழுந்த கட்டத்தில் குடியிருக்கும் ஒரு அப்பாவிடம் போய், 'இது தற்செயல் சார், மனசைத் தேற்றிக்கோங்க' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சரி, சொல்ல வேண்டாம், ஏதோ காரணம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? காரணம் இல்லாத இடத்தில் ஊரே பயந்து வீட்டை விற்றுவிட்டுப் போகும். நிஜமாகவே குடிதண்ணீரில் கோளாறு இருந்து, 'எல்லாம் தற்செயல்' என்று கோப்பை மூடினாலோ, அடுத்த குழந்தையும் அதே தண்ணீரைக் குடிக்கும்.

இரண்டு தப்பில் எதையும் செய்யாமல் தப்பிக்க வழி உண்டா? ஐம்பது, அறுபது வருஷமாக ஒரு கூட்டம் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் பாதி, கணக்குப்பிள்ளைகள் பாதி. நான் பி.காம். என்பதால் எனக்கு இரண்டாவது கோஷ்டி மேல் கொஞ்சம் பாசம் அதிகம்.

மீன்காரர் கணக்கு

1944-ல் ஹிட்லரின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன் மேல் விழுந்தன. விழுந்த இடங்களைப் பார்த்த ஜனங்கள், 'குறிப்பிட்ட பேட்டைகளைக் குறி வைத்து அடிக்கிறான், நம்ம பக்கமே விழுது பார்' என்று நம்பினார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. சில இடங்களில் கொத்துக் கொத்தாக. சில இடங்களில் ஒன்றுகூட இல்லை.

ஆர்.டி. கிளார்க் என்று ஒருவர். ப்ரூடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆக்சுவரி. அதாவது யார் எப்போது செத்துப்போவார்கள் என்று கணக்குப் போட்டு பிரீமியம் நிர்ணயிக்கும் நல்ல மனிதர். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு 576 சமக் கட்டங்களாகப் பிரித்தார். கட்டத்துக்குக் கால் சதுர கிலோமீட்டர். அந்தப் பகுதியில் விழுந்த குண்டுகள் 537.

நீங்களும் நானும் டிகிரியில் படித்து, பரீட்சை முடிந்த சாயந்திரமே மறந்துபோன 'பாய்சான் டிஸ்ட்ரிப்யூஷன்' ஞாபகம் இருக்கிறதா? அதைக் கொண்டுவந்தார். (பாய்சான் பிரெஞ்சுக்காரர். அந்த மொழியில் அந்தப் பேருக்கு மீன் என்று அர்த்தம்.) குண்டுகள் குறி இல்லாமல் கண்டபடி விழுந்திருந்தால் எத்தனை கட்டம் காலியாக இருக்க வேண்டும்? மீன்காரர் கணக்குப்படி சுமார் 227. நிஜத்தில் 229. ஒரே ஒரு குண்டு விழுந்த கட்டங்கள்? கணக்குப்படி 211, நிஜத்தில் 211. இரண்டு? 99-க்கு 93. மூன்று? 31-க்கு 35. நாலு? 7-க்கு 7. 1946-ல் கிளார்க் இதை ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார். ஜெர்மன்காரன் பேட்டை பார்த்து அடிக்கவில்லை. அந்தக் கொத்தெல்லாம் அரிசிக் கொத்துதான்.

குண்டு விஷயத்தில் ஒரு சௌகரியம்: எல்லாக் கட்டமும் ஒரே அளவு. நோய் விஷயத்தில் அது கிடையாது. ஒரு கட்டத்தில் பத்தாயிரம் குழந்தைகள் இருப்பார்கள்; இன்னொன்றில் பத்துப் பேர். எனவே 'எத்தனை பேருக்கு வந்தது' என்பதோடு 'எத்தனை பேரில் வந்தது' என்றும் கேட்க வேண்டும். பங்குக்குக் கீழே இருக்கும் அந்த எண் இல்லாமல் மேலே இருக்கும் எண்ணை வைத்துக் கத்துவது, செலவை மட்டும் காட்டி வரவை மறைக்கும் பாலன்ஸ் ஷீட் மாதிரி.

கடலோரத்தில் ஒரு கிராமம்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் சீஸ்கேல் என்று ஒரு கடலோர ஊர். இரண்டாயிரம் பேர் சுமாருக்கு வசிக்கும் சின்ன இடம். மூன்று கிலோமீட்டரில் செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகம். பழைய பெயர் விண்ட்ஸ்கேல். அணு உலைகளில் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருளைக் கொண்டுவந்து, மறுபடி உபயோகமாகும் சரக்கைப் பிரித்தெடுத்த ஆலை அங்கே இருந்தது. 1957-ல் அங்கே ஓர் உலையில் தீப்பிடித்துக் கதிரியக்கம் வெளியே பரவியதும் உண்டு.

1983 நவம்பரில் யார்க்‌ஷயர் டெலிவிஷன் ஒரு படம் காட்டியது. ஆலை ஊழியர்களின் உடல்நிலையைப் பற்றி விசாரிக்கப் போனவர்கள், ஊரில் குழந்தைகளின் கதையைக் கேட்டுத் திரும்பினார்கள். முப்பது வருஷத்தில் சீஸ்கேலில் ஏழு இளவயதினருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்கிறது என்றது படம். எதிர்பார்க்க வேண்டியதோ ஒன்றுக்கும் குறைவு.

'ஒன்றுக்கும் குறைவு' எப்படி வருகிறது? நாமே போட்டுப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வருவது அபூர்வம். லட்சம் குழந்தைகளில் வருஷத்துக்கு நாலைந்து பேர். சீஸ்கேல் மாதிரி ஊரில் உத்தேசமாக 400 குழந்தைகள் என்று வையுங்கள். முப்பது வருஷத்துக்கு 400 தடவை 30, ஆக 12,000 'குழந்தை-வருஷங்கள்'. லட்சத்துக்கு நாலரை என்றால் 12,000-க்கு 0.54. அதாவது அரை. அரை வர வேண்டிய இடத்தில் ஏழு!

நாடு கொந்தளித்தது. அரசாங்கம் சர் டக்ளஸ் பிளாக் என்ற மூத்த டாக்டர் தலைமையில் குழு போட்டது. 1984-ல் அறிக்கை வந்தது. சீஸ்கேலில் வழக்கத்தைவிட அதிகம் என்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் ஆலை வெளியிட்ட கதிரியக்கத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் இத்தனை பேருக்கு வர நியாயமில்லை, நூற்றுக்கணக்கான மடங்கு போதாது என்றது. நோயும் உண்டு, ஆலையும் உண்டு, நடுவில் கயிறு மட்டும் காணோம்.

கணக்குப்பிள்ளைகள் உள்ளே வந்தது இங்கேதான். 'முதலில் அந்த ஏழு என்பதையே எப்படி எண்ணினீர்கள்?' என்று கேட்டார்கள்.

கோடீஸ்வரரை உருவாக்கிய கடை

அமெரிக்காவில் டெக்ஸாஸ் துப்பாக்கிக்காரன் என்று ஒரு கதை சொல்வார்கள். தானியக் கொட்டகைச் சுவரில் கண்டபடி சுட்டுத்தள்ளுவானாம். அப்புறம் பெயிண்ட் டப்பாவோடு கிட்டே போய், எங்கே ஓட்டைகள் நெருக்கமாக இருக்கிறதோ அங்கே சுற்றி வட்டம் போடுவானாம். 'பார், என் குறி தப்பவே இல்லை!'

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2003-ல் தமிழ்நாட்டில் தடை வரும் வரை தெருவுக்குத் தெரு லாட்டரிக் கடை இருந்தது. 'கோடீஸ்வரரை உருவாக்கிய கடை' என்று போர்டு தொங்கும். அந்தக் கடையில் க்யூ நிற்கும். விற்ற டிக்கெட்டில் ஏதோ ஒன்றுக்குப் பரிசு விழுந்தே தீர வேண்டும். எந்தக் கடையிலாவது விழுந்தே தீர வேண்டும். விழுந்த பிறகு அந்தக் கடையைச் சுற்றி வட்டம் போடுவது ராசி அல்ல, பெயிண்ட்.

ஒரு தேசத்தில் பத்தாயிரம் ஊர்கள் என்று வையுங்கள். ஓர் ஊரில் இப்படிக் குவிவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றாலும், பத்தாயிரம் ஊரில் பத்து ஊரில் சும்மாவே குவிந்துவிடும். அந்தப் பத்து ஊரிலும் பத்திரிகைக்காரர்கள் இறங்குவார்கள். பக்கத்தில் ஏதாவது ஆலை, உயர் மின்அழுத்தக் கம்பி, குப்பைக் கிடங்கு இல்லாத ஊர் எங்கே இருக்கிறது? காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

அதோடு வட்டத்தை இழுக்கவும் சுருக்கவும் முடியும். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தை இருந்தால் தெருவைச் சேர்த்துக்கொள்ளலாம். பத்தொன்பது வயதுப் பையன் இருந்தால் வயது வரம்பை இருபது ஆக்கலாம். ஐந்து வருஷம் முன்னால் ஒன்று இருந்தால் காலத்தை நீட்டலாம். எதையும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் பிரஷ் புள்ளியைப் பார்த்து நகர்கிறது.

சீஸ்கேல்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஆலையைப் பார்த்துத்தான் அந்த ஊருக்கே போனார்கள். கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் விரல் வைக்கவில்லை. இன்னொன்று: பிரிட்டனில் எரிபொருளை மறுசுத்திகரித்த இடங்கள் இரண்டே. இரண்டாவது ஸ்காட்லாந்தின் வடகோடியில் டௌன்ரே. ஆலைதான் காரணம் என்றால் அங்கேயும் தெரிய வேண்டுமே? இது நியாயமான சோதனை. வட்டம் முதலில், எண்ணிக்கை பிறகு. 1986-ல் எண்ணினார்கள். அங்கேயும் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

கைகுலுக்கும் கணக்கு

இதற்கும் இருபது வருஷம் முன்பே, ஜார்ஜ் நாக்ஸ் என்ற டாக்டர் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்ற கணக்கே வேண்டாத வழி.

வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்டு, டர்ஹம் மாவட்டங்களில் 1951 முதல் 1960 வரை ரத்தப் புற்றுநோய் வந்த சிறு குழந்தைகள் 96 பேர். ஒரு பார்ட்டியில் 96 பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்? 4,560. அத்தனை ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியையும் எடுத்து இரண்டு கேள்வி கேட்டார். வீடுகள் ஒரு கிலோமீட்டருக்குள்ளா? நோய் தொடங்கிய தேதிகள் அறுபது நாளுக்குள்ளா?

இடத்தில் நெருக்கமான ஜோடிகள் 25. காலத்தில் நெருக்கமானவை 152. இடத்துக்கும் காலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் இரண்டிலும் நெருக்கமானவை எத்தனை இருக்கும்? 25 தடவை 152, வகுத்தல் 4,560. கால்குலேட்டரில் தட்டுங்கள். 0.83. ஒரு ஜோடிகூட முழுசாக வரவில்லை. நிஜத்தில் இருந்தது ஐந்து ஜோடி!

1964-ல் வெளிவந்த இந்தக் கட்டுரையை இன்றைக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் மூக்கை நுழைத்தார்கள். 'ஒரு கிலோமீட்டர் ஏன், ஒன்றரை ஏன் கூடாது? அறுபது நாள் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?' நியாயமான கேள்வி. பெயிண்ட் பிரஷ் எங்கெல்லாம் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்.

எல்லா வட்டத்தையும் போடும் யந்திரம்

1987-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் பூகோளப் பேராசிரியர் ஸ்டான் ஓபன்ஷாவும் சகாக்களும் வேடிக்கையான ஒரு யோசனை செய்தார்கள். வட்டத்தை எங்கே போடுவது என்பதில்தானே தகராறு? எல்லா இடத்திலும் போட்டுவிட்டால்?

கம்ப்யூட்டரிடம் வடக்கு இங்கிலாந்தின் வரைபடத்தையும், குழந்தைகளின் ஜனத்தொகையையும், நோயாளிகளின் இருப்பிடங்களையும் கொடுத்தார்கள். அது ஒரு மூலையில் ஆரம்பித்தது. ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு எண்ணும். கொஞ்சம் நகர்ந்து மறுபடி. முடிந்ததும் இரண்டு கிலோமீட்டர் வட்டம். இப்படியே இருபது வரை. மாலைநேர டீ, டி.ஏ. பாக்கி எதுவும் கேட்காமல் லட்சக்கணக்கில் வட்டம் போட்டது. எந்த வட்டத்தில் எண்ணிக்கை அசாதாரணமாக இருந்ததோ அதை மட்டும் வரைபடத்தில் வைத்துக்கொண்டது. அணு ஆலை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. டி.வி. பார்க்கும் பழக்கமும் கிடையாது.

முடிவு? சீஸ்கேல் வந்தது. ஒன்றும் தெரியாத யந்திரம் அதே ஊரைக் காட்டியது. ஆனால் இன்னோர் இடத்தையும் அது பலமாகக் காட்டியது. டைன் நதிக்கரையில் கேட்ஸ்ஹெட். அங்கே அணு ஆலை எதுவும் இல்லை. டி.வி.காரர்கள் யாரும் அங்கே போயிருக்கவில்லை.

விமரிசனம் இதற்கும் வந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிய லட்சம் வட்டங்கள். ஒரே நாலு குழந்தைகளை நூறு வட்டம் நூறு தடவை எண்ணும். அதோடு லட்சம் தடவை சீட்டுக் குலுக்கினால் சில தடவை ஜாக்பாட் அடிப்பது அதிசயமா?

999 பொய் உலகங்கள்

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் 1990-களின் நடுவில் வந்தது. கொடுத்தவர் மார்ட்டின் குல்டார்ஃப் என்ற ஸ்வீடன்காரர். 1995-ல் ஒரு சகாவோடும், 1997-ல் தனியாகவும் எழுதினார். இன்று உலகம் முழுக்கச் சுகாதாரத் துறைகள் உபயோகிக்கும் 'சாட்ஸ்கேன்' என்ற இலவச மென்பொருள் அதிலிருந்து பிறந்தது.

அவரும் எல்லா வட்டத்தையும் போடுகிறார். ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் மோசமான வட்டம் எது என்று ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அடுத்ததுதான் சூட்சுமம். கம்ப்யூட்டரிடம், 'இதே எண்ணிக்கை நோயாளிகளை ஜனத்தொகைக்கு ஏற்ற மாதிரி வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூவு' என்கிறார். நம் அரிசி வேலையேதான். தூவியதும், அந்தப் பொய் உலகத்திலும் எல்லா வட்டமும் போட்டு அதிலுள்ள மோசமான வட்டத்தைக் கண்டுபிடிக்கிறார். இப்படி 999 தடவை.

இப்போது கையில் 999 பொய் உலகங்களின் 'முதல் பரிசு' வட்டங்கள். கூடவே நிஜ உலகத்தின் வட்டம். மொத்தம் ஆயிரம். மோசமானதிலிருந்து வரிசையாக நிறுத்துங்கள். நிஜ வட்டம் முதல் ஐம்பது இடத்துக்குள் நின்றால், கவனிக்க வேண்டிய விஷயம். முந்நூறாவது இடத்தில் நின்றால், வெறும் தற்செயலே இதைவிட மோசமான கொத்துகளைச் சுலபமாகப் போடுகிறது என்று அர்த்தம்.

லாட்டரி பாஷையில் சொன்னால், ஜெயித்தவனை உங்களோடும் என்னோடும் ஒப்பிடக்கூடாது. மற்ற குலுக்கல்களில் ஜெயித்தவர்களோடு ஒப்பிட வேண்டும். துப்பாக்கிக்காரனிடமிருந்து பெயிண்ட் டப்பாவைப் பிடுங்கவில்லை. இன்னும் 999 துப்பாக்கிக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, நிஜம்தான். ஏன்?

இதுவரை போட்ட கணக்கெல்லாம் 'இது தற்செயலா' என்ற ஒரே கேள்விக்குத்தான். 'இல்லை' என்று பதில் வந்தாலும், 'அப்போ எதனால்?' என்பதற்குக் கணக்கு வாயைத் திறக்காது. சீஸ்கேல் பெற்றோர்கள் இதைக் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

1990-ல் மார்ட்டின் கார்ட்னர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு குண்டைப் போட்டார். குழந்தைகளின் மேல் பட்ட கதிர்வீச்சு காரணம் இல்லை. குழந்தை கருவாவதற்கு முன் ஆலையில் வேலை பார்த்த அப்பாக்களின் மேல் பட்டதுதான் என்றார். ஓர் அப்பாவுக்கு இதைவிடக் கொடுமையான வாக்கியம் உண்டா? சம்பளம் வாங்கிக்கொண்டு வந்த இடத்திலிருந்தே...

இரண்டு குடும்பங்கள் ஆலை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன. லண்டனில் தொண்ணூறு நாள் விசாரணை. 1993 அக்டோபரில் தீர்ப்பு: நிரூபணமாகவில்லை. கார்ட்னரின் ஆய்வே மிகச் சில குழந்தைகளை நம்பி நின்றது. அதோடு ஆலை ஊழியர்களின் குழந்தைகளில் பெரும்பாலோர் சீஸ்கேலுக்கு வெளியே பிறந்தவர்கள். அப்பா காரணம் என்றால் அவர்களிடமும் நோய் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடமும் தெரியவில்லை. தீர்ப்பைக் கேட்க கார்ட்னர் இல்லை. அதே வருஷ ஆரம்பத்தில் காலமாகிவிட்டார்.

லியோ கின்லன் 1988-லேயே வேறு திசையில் யோசித்திருந்தார். ஒதுக்குப்புறமான ஒரு கிராமம். திடீரென்று பெரிய ஆலை வருகிறது. வெளியூரிலிருந்து என்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார்கள். புது ஆட்கள், புதுக் கிருமிகள். ஏதோ சாதாரணமான தொற்று ஒன்று ஊரில் பரவி, மிக மிக அபூர்வமாக ஏதோ ஒரு குழந்தையின் உடம்பில் விபரீதமாக முடிகிறதா? (ரத்தப் புற்றுநோய் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குத் தொற்றாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தாராளமாக விளையாட விடலாம்.)

கின்லன் செய்த நல்ல காரியம், யூகத்தைச் சொல்லிவிட்டு வட்டத்தை முதலில் போட்டது. அணு ஆலையே இல்லாமல், வெளியாட்கள் வந்து குவிந்த இடம் எது? ஸ்காட்லாந்தில் க்ளென்ராத்தஸ் என்ற புது நகரம். அங்கே எண்ணினார். அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிருமி எது என்று யாரும் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தவில்லை. 1991 முதல் 2006 வரையான கணக்கைப் பின்னால் பார்த்தபோது சீஸ்கேலில் பழைய குவியல் தொடரவில்லை. புதிர் விடையாகாமலே வடிந்துவிட்டது.

ஜெர்மனியில் 2007-ல் ஓர் ஆய்வு. பதினாறு அணுமின் நிலையங்களைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 1980 முதல் 2003 வரை ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் 37, எதிர்பார்த்தது 17. வெளியான கதிர்வீச்சோ இயற்கையாக நம் எல்லார் மேலும் படுவதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் இது காரணமாக இருக்க முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2011-ல் பிரிட்டன் தன் 13 அணுமின் நிலையங்களைச் சுற்றிப் பார்த்தது. குறிப்பிடத்தக்க அதிகம் எதுவும் இல்லை.

கதவைத் தட்டிய அம்மா

இவ்வளவு படித்ததும், 'எல்லாம் புரளி' என்று தோன்றலாம். அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூபர்ன் என்று ஓர் ஊர். அங்கே ஓர் அம்மாவின் மகனுக்கு 1972-ல் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியிலும் கடையிலும் அதே பேட்டை அம்மாக்களையே திரும்பத் திரும்பப் பார்த்தார். குழாய்த் தண்ணீரில் ஒரு மாதிரி வாசனை. 'தண்ணீர்தான் காரணமாக இருக்கும்' என்றபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1979-ல் ஊருக்குத் தண்ணீர் தந்த இரண்டு கிணறுகளில், உலோகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ரசாயனம் கலந்திருப்பது வேறு காரணத்தால் தெரியவந்து மூடினார்கள். பிறகு எண்ணினார்கள். 1969 முதல் 1979 வரை 12 குழந்தைகள், எதிர்பார்த்தது 5.3. கர்ப்ப காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்த அம்மாக்களின் குழந்தைகளுக்கு அபாயம் அதிகமாக இருந்தது என்று 1997-ல் மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வு சொன்னது. ஜான் ட்ரவோல்டா வக்கீலாக நடித்த 'எ சிவில் ஆக்‌ஷன்' படம் இந்த வழக்குதான்.

ஆனால் வூபர்ன் அபூர்வம். அமெரிக்காவில் இருபது வருஷத்தில் 'எங்கள் ஊரில் கேன்சர் அதிகம்' என்று புகார் வந்து விசாரித்த 428 விசாரணைகளைத் திரட்டி 2012-ல் பார்த்தார்கள். அவற்றில் சந்தேகப்பட்ட புற்றுநோய்கள் 567. நிஜமாகவே அதிகம் என்று உறுதியானவை 72. சந்தேகப்பட்ட காரணத்தோடு ஓரளவாவது முடிச்சுப் போட முடிந்தவை மூன்று. தெளிவாகக் காரணம் தெரிந்தது ஒன்றே ஒன்று.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு வூபர்ன் அம்மாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருந்தால்?

நாளைக்கு உங்கள் ஆபீஸ் கேன்டீனில் யாராவது, 'எங்க ஏரியால நாலு குழந்தைங்களுக்கு கேன்சராம்ப்பா, அந்த ஃபாக்டரிதான்' என்று சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், உடனே ஊர்வலம் கிளம்பவும் வேண்டாம். உட்கார வைத்து நாலு கேள்வி கேளுங்கள். நாலும் ஒரே வகைப் புற்றுநோயா? 'கேன்சர்' என்பது நூறு வியாதிகளுக்கு ஒரே பேர். வேறு வேறு வகை என்றால் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. எத்தனை வருஷத்தில், எத்தனை குழந்தைகள் இருக்கும் இடத்தில்? நோய் வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே குடியிருந்தார்களா? 'ஏரியா' என்றால் எங்கிருந்து எங்கே வரை; அந்த எல்லையை எப்போது, யார் போட்டது?

நாலு கேள்விக்கும் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போனால், எந்தச் சுகாதார அதிகாரியும் 'தற்செயல்' என்று ஒரே வார்த்தையில் தள்ள முடியாது. அவர் பங்குக்கு அவரிடமும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். எந்தத் தெருவில் எந்த வருஷம் யாருக்கு என்ன வகை என்று எழுதிவரும் புற்றுநோய்ப் பதிவேடு. பிரிட்டனில் அது இருந்ததால்தான் ஓபன்ஷாவின் யந்திரம் வேலை செய்தது. சென்னையில் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1980-களின் தொடக்கத்திலிருந்து பதிவேடு நடத்திவருகிறது. ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டு முகவரியை முழுசாகக் கேட்டு, 'எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?' என்று துருவினால் எரிச்சல்படாதீர்கள். பின்கோடு உட்பட நிதானமாகச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி சரியான இடத்தில் விழுந்தால்தான், அடுத்த வட்டத்தை யாராவது நேர்மையாகப் போட முடியும்.